இணைய அங்காடியும் பவானி ஜமக்காளமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

வாணிகம் என்பது பல நூற்றாண்டுகளாக இரு மனிதர்கள் நேருக்கு நேர் நின்று நடத்திய காரியம். வாங்க வந்தவர் சரக்கைக் கையில் எடுப்பார், புரட்டிப் பார்ப்பார், விலை கேட்பார், ‘கட்டாது’ என்று சொல்லி இரண்டடி நடப்பார். விற்பவர் திரும்பக் கூப்பிடுவார். அதற்குப் பெயர்தான் சந்தை. இன்று அந்தச் சந்தை ஒரு கைப்பேசித் திரைக்குள் அடங்கிவிட்டது. சரக்கு கண்ணுக்குத் தெரிகிறது; தொட முடியவில்லை. விற்பவர் இருக்கிறார், அவர் முகம் தெரியவில்லை. பணம் நொடியில் போய்விடுகிறது. பொருள் நான்கு நாள் கழித்து வருகிறது.

இத்தகைய இணைய அங்காடியை எப்படி வளர்ப்பது என்று யாரைக் கேட்டாலும் இரண்டே விடைகள்தாம் கிடைக்கின்றன. ஒன்று, விலையைக் குறை. மற்றொன்று, விளம்பரத்தைக் கூட்டு. கைத்தறிச் சரக்குக்கு இந்த இரண்டு விடைகளும் பொருந்தா என்பது என் கருத்து. பொருந்தாமை மட்டுமன்று, அவற்றை அப்படியே பின்பற்றினால் இணையமே கைத்தறிக்கு எமனாகிவிடும். நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, அக்குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் என்ற முறையில் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. எங்கள் ஊர்ச் சரக்காகிய பவானி ஜமக்காளத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

முகம் காணாத வாணிகம்

பார்க்காமல் வாங்குவது நம் காலத்துப் புதுமை என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படி அன்று. 1872ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்பவர், பொருள்களின் பெயரையும் விலையையும் அச்சிட்ட ஒரே ஒரு தாளைக் கிராமத்து மக்களுக்கு அஞ்சலில் அனுப்பித் தம் வாணிகத்தைத் தொடங்கினார். ‘எங்கோ இருக்கும் ஒருவனை நம்பிப் பணம் அனுப்புவதா?’ என்று மக்கள் தயங்கினார்கள். பொருள் பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக 1875இல் அவர் உறுதி கூறினார். அதன் பிறகே அந்தத் தயக்கம் உடைந்தது.

நம் நாட்டிலும் அஞ்சல் துறை 1877இல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. அஞ்சல்காரர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிப் போவார். நம் நூலகத்தில் பழைய வார இதழ்களின் கட்டுத் தொகுப்பைப் புரட்டினால், கைக்கடிகாரம் முதல் தலைமுடித் தைலம் வரை ‘வி.பி.பி.யில் அனுப்பப்படும்’ என்ற வரியோடு விளம்பரங்கள் நிறைந்திருப்பதைக் காணலாம். 2007இல் பெங்களூரில் புத்தகக் கடையாகத் தொடங்கிய பிளிப்கார்ட் நிறுவனம், பொருள் கைக்கு வந்த பின் பணம் கொடுக்கும் முறையை 2010இல் ஏற்றது. அந்த முறை பழைய வி.பி.பி.யின் பேரப்பிள்ளை அல்லாமல் வேறென்ன?

இந்த வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றே. முகம் காணாத வாணிகம் வெறும் மலிவால் வளர்ந்ததன்று. ‘ஏமாற மாட்டோம்’ என்று வாங்குபவர் நம்பியதால் வளர்ந்தது. இணைய அங்காடியில் முதலில் விற்பனையாவது நம்பிக்கை. சரக்கு அதன் பின்னால்தான் போகிறது.

ஜமக்காளத்தின் வழக்கு

ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானியும் கூடுமிடத்தில் உள்ளது பவானி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணிகள் வந்து குவிந்தபோது, இவ்வூர் நெசவாளர்கள் ஆலையோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஆலை நெய்யாத ஒன்றை நெய்தார்கள். முரட்டு நூலில் பல வண்ணப் பட்டைகள் ஓட, கனத்த விரிப்பை உருவாக்கினார்கள். அதுவே ஜமக்காளம். அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் தறியில் அருகருகே அமர்ந்து நாடாவைக் கைமாற்றிக் கைமாற்றி நெய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அதன்மேல் அமராத கல்யாண வீட்டாரும் கச்சேரி ரசிகரும் உண்டோ?

சட்டமும் இதற்குத் துணையாகவே நிற்கிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ், கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 11 வகைகளுள் ஜமக்காளமும் ஒன்று. 2005-06இல் பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றது. 2006இல் நடுவண் அரசு கைத்தறி முத்திரையை அறிமுகப்படுத்தியது. காகிதத்தில் நமக்குக் குறை ஒன்றுமில்லை.

சந்தையில்தான் குறை. சோலாப்பூர் போன்ற வெளியூர் விசைத்தறிகளிலிருந்து வரும் மலிவு விரிப்புகள், ஜமக்காளத்தின் பட்டைகளைப் போலவே வண்ணம் காட்டி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இணையத்தில் நிலைமை இன்னும் மோசம். பெரிய இணைய அங்காடி ஒன்றில் ‘பவானி ஜமக்காளம்’ என்று தட்டச்சு செய்து பார்த்தேன். வந்து நின்ற படங்களில் பல, பவானிப் பக்கமே எட்டிப் பார்த்திராத அச்சடித்த விரிப்புகள். அவற்றுள் சிலவற்றின் விலை, எங்கள் வீட்டுத் தறியில் ஏறும் நூலின் விலைக்குக்கூடக் காணாது.

நேரில் என்றால் எந்தப் பாட்டியும் இதைக் கண்டுபிடித்துவிடுவார். விரிப்பின் ஓரத்தை மடக்கிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். நெய்த பட்டை இருபுறமும் தெரியும். அச்சடித்த வண்ணம் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். பாட்டியின் அந்த ஒரு விரல் இணையத்தில் இல்லை. அந்த விரலின் வேலையை அங்காடியின் பக்கமே செய்தாக வேண்டும். அங்காடியைச் சீர்செய்வது என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்.

சீர்செய்ய வேண்டியவை

முதலாவது, படம். ஒரு பொருளுக்கு ஒரே படம் என்பது போதாது. பகல் வெளிச்சத்தில் எடுத்த முன்பக்கப் படம், பின்பக்கப் படம், ஓரத்தின் நெருக்கமான படம், ஒருவர் அதன்மேல் அமர்ந்திருக்கும் படம் ஆகிய நான்காவது வேண்டும். கடைசிப் படம் எதற்கு? ‘ஆறடிக்கு நான்கடி’ என்று எழுதினால் பலருக்கு மனத்தில் உருவம் வராது. ஆள் அமர்ந்திருந்தால் உடனே வரும். மஞ்சள் விளக்கொளியில் எடுத்த படத்தைப் பார்த்து வாங்கிய ஒருவர், ‘நான் கேட்டது இந்தச் சிவப்பு இல்லை’ என்று எங்கள் தெரு நெசவாளர் ஒருவருக்குப் பொட்டலத்தைத் திருப்பி அனுப்பினார். சாயத்தில் தவறில்லை, வெளிச்சத்தில்தான் தவறு.

இரண்டாவது, விவரம். ‘உயர்தரம்’, ‘கண்கவர்’, ‘பாரம்பரியம்’ என்னும் சொற்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம். போலிச் சரக்கு விற்பவர் இன்னும் அழகாகவே எழுதுவார். அவரால் எழுத முடியாதவற்றை நாம் எழுத வேண்டும். நீள அகலம், எடை, நூல் பருத்தியா செயற்கைப் பட்டா, நெய்ய எத்தனை நாள் ஆயிற்று, நெய்தவர் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர், புவிசார் குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு பெற்றவர் யார், முதல் சலவையில் சாயம் சற்று விடுமா விடாதா என்பவை பக்கத்தில் இருக்க வேண்டும். விடும் என்றால் விடும் என்றே எழுத வேண்டும். குறையை மறைக்காமல் சொல்லும் கடையின் நிறையை மக்கள் நம்புவார்கள்.

மூன்றாவது, பெயர். இது சிறிய செய்தி போலத் தோன்றும், அன்று. நாம் ‘ஜமக்காளம்’ என்கிறோம். அடுத்த வீட்டில் ‘ஜமுக்காளம்’ என்கிறார்கள். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வோர் ஆளுக்கொரு விதமாகச் செய்கிறார்கள். வடநாட்டார் ‘தரி’ என்று தேடுகிறார்கள். சென்னையில் வளர்ந்த பிள்ளைகள் ‘கார்ப்பெட்’ என்றோ ‘பெட்ஷீட்’ என்றோதான் தேடுவார்கள். தேடுபவர் வாயில் என்ன சொல் இருக்கிறதோ அந்தச் சொல் நம் பக்கத்தில் இல்லாவிட்டால், தேடுபொறி நம்மைக் காட்டாது. கடையைத் திறந்து வைத்துவிட்டுப் பெயர்ப்பலகையை உள்பக்கமாகத் திருப்பி மாட்டியது போலாகும்.

நான்காவது, பொட்டலம். இங்கே கணிதம் உதவுகிறது. கூரியர் நிறுவனங்கள் பல, பொட்டலத்தின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கின்றன. அந்த எண்ணும் தராசு காட்டும் எடையும் வேறுபட்டால், எது கூடுதலோ அதற்கே கட்டணம். 2 கிலோ 200 கிராம் எடையுள்ள ஒரு ஜமக்காளத்தைத் தளர்வாக மடித்து 45, 35, 20 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் 6.3 கிலோவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அதையே இறுக்கி மடித்து 40, 30, 10 சென்டிமீட்டரில் கட்டினால் 2.4 கிலோதான். மடிப்பில் இருக்கிறது இலாபம்!

ஐந்தாவது, மறுமொழி. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறை தீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டுக்கு ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது சட்டம் கேட்கும் குறைந்த அளவு. சிறிய கடை அந்த அளவோடு நிற்கலாகாது. காலையில் கேட்ட கேள்விக்கு மாலைக்குள், கேட்டவர் மொழியிலேயே, ஒரு மனிதர் விடை சொல்ல வேண்டும். பெரிய கடைகளால் எளிதில் செய்ய முடியாதது இதுதான். ஆகவே நம் பலமும் இதுதான்.

விளம்பரம் என்பது என்ன?

‘இன்னும் இரண்டே உள்ளன, விரைந்து வாங்குங்கள்’ என்ற வாசகத்தைப் பார்க்காதவர் இல்லை. மறுநாள் பார்த்தாலும் அதே இரண்டு அங்கேயே இருக்கும். இத்தகைய பொய் அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் நுழைத்தல், கடைசிப் பக்கத்தில் மறைவாகக் கட்டணம் கூட்டுதல் முதலான 13 வகைத் தந்திரங்களை நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்தன. தாமே எழுதித் தாமே பாராட்டிக்கொள்ளும் போலி மதிப்புரைகளைத் தடுக்க, இந்தியத் தர நிறுவனம் 2022இல் ஒரு தரநிலையையும் வெளியிட்டது. இத்தனை விதிகள் வேண்டியிருக்கின்றன என்றால் விளம்பரம் எந்த நிலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள்!

வேடிக்கை என்னவென்றால், கைத்தறிக்கு இந்தப் பொய் தேவையே இல்லை. ‘இரண்டே உள்ளன’ என்பது இங்கே பெரும்பாலும் உண்மை! இருவர் தறியில் அமர்ந்து நெய்த ஒன்றை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைக்க முடியாது. ஆகவே உண்மையைச் சொன்னாலே போதும். தறி ஓடுவதை ஒரு நிமிடப் படமாக எடுத்துப் போடலாம். ‘அச்சடித்ததைக் கண்டுபிடிப்பது எப்படி?’ என்று முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அருகருகே காட்டலாம். எந்தக் கட்டண விளம்பரத்தையும்விட அந்த ஒரு படம் அதிகம் பேசும். வாங்குபவர் அதன் பிறகு எந்தக் கடையில் நின்றாலும் ஓரத்தை மடக்கிப் பார்ப்பார்.

யாருக்கு விற்பது என்பதையும் எண்ண வேண்டும். ‘எல்லாருக்கும்’ என்பது விடையாகாது. முகூர்த்த மாதங்களுக்கு முன் திருமண வீட்டாருக்கு, ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிகளுக்கு, இசை விழாக் காலத்தில் சபைகளுக்கு, நவராத்திரிக்கு முன் கொலு வைக்கும் வீடுகளுக்கு, யோகப் பயிற்சி நடத்துவோருக்கு, தரையில் அமர்ந்து உண்ட நினைவை விடாத சிங்கப்பூர், மலேசியத் தமிழருக்கு என்று காலமும் ஆளும் அறிந்து சொல்ல வேண்டும். நாள்தோறும் எல்லார் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பித் தொல்லை கொடுப்பது விளம்பரமன்று. வாசலில் நின்று கத்துவது.

தள்ளுபடி யார் பையிலிருந்து?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு ஜமக்காளத்தின் விலை 1500 ரூபாய். நூல், சாயம் 600. நெசவுக் கூலி 450. பாவு, தார், மற்றச் செலவு 150. ஆக அடக்கம் 1200. இணைய அங்காடியின் பங்கும் அனுப்பும் செலவும் சேர்ந்து விலையில் நூற்றுக்குப் பதினைந்து என்று கொள்வோம். 225 போக 1275 வரும். இலாபம் 75 ரூபாய்.

இப்போது ‘மாபெரும் விழாத் தள்ளுபடி’ என்று நூற்றுக்கு இருபது குறைக்கிறோம். விலை 1200. அதில் பதினைந்து விழுக்காடு 180 போக, கையில் வருவது 1020. அடக்கமோ 1200. துண்டு விழும் அந்த 180 ரூபாயை யார் கொடுப்பது? நூல் வியாபாரி குறைக்க மாட்டார். கூரியர் குறைக்காது. இணைய அங்காடி தன் பங்கை முதலிலேயே கழித்துக்கொண்டுதான் மீதியை அனுப்பும். எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: கூலி. தறியில் அமர்ந்திருப்பவருக்குத் தாம் தள்ளுபடி கொடுத்ததே தெரியாது.

திருப்பி அனுப்பப்படும் பொட்டலங்களின் கணக்கும் இப்படித்தான். பத்துப் பொட்டலங்களில் ஒன்று திரும்பி வந்தால், போக 150, வர 150 என்று 300 ரூபாய் வீண். அதை மற்ற ஒன்பதின்மேல் பங்கிட்டால் ஒன்றுக்கு 33 ரூபாய். 75 ரூபாய் இலாபத்தில் பாதியை நெருங்குகிறது. நல்ல படமும் நேர்மையான விவரமும் இந்த இழப்பைத் தடுக்கும் என்பதால், அவை அலங்காரம் அல்ல. நேரடியாகக் கூலியைக் காக்கும் வேலி.

‘மலிவாக விற்றால்தானே ஏழையும் வாங்க முடியும்?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஓர் ஏழை வாங்குவதற்காக இன்னொரு ஏழை பட்டினி கிடப்பதை நியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அரசு தன் கருவூலத்திலிருந்து தள்ளுபடி மானியம் கொடுப்பது வேறு. நெசவாளரின் கூலியிலிருந்து எடுத்துக் கொடுப்பது வேறு. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு அமைப்புகள் வேண்டியிருப்பதே இந்த வேறுபாட்டைக் காப்பதற்குத்தான்.

வழிகளும் திறந்தே இருக்கின்றன. ஒரே பெரிய அங்காடியை அண்டி நிற்காமல் பல செயலிகளிலும் ஒரே சரக்கைக் காட்ட உதவும் ஓ.என்.டி.சி. வலையமைப்பு 2021 டிசம்பரில் நிறுவப்பட்டது. 2022இல் அதன் முன்னோட்டத்துக்குத் தேர்ந்த ஐந்து நகரங்களுள் நம் கோயம்புத்தூரும் ஒன்று. விற்றுமுதல் வரம்புக்குள் நின்று, தம் மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வணிகர், இணைய அங்காடி வாயிலாக விற்பதாலேயே சரக்கு, சேவை வரிக்குப் பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் 2023 அக்டோபர் முதல் நீக்கப்பட்டது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போகத் தெரிந்தவர்கள்தாம் தறிக்குப் பக்கத்தில் இல்லை.

நாம் இருக்கிறோம்

தெரிந்தவர்கள் எங்கே? இங்கே, இந்தக் கல்லூரியில் இருக்கிறார்கள்.

நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) நாட்டில் 35 லட்சத்து 22 ஆயிரம் கைத்தறித் தொழிலாளர் இருப்பதாகக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த எண்ணுக்குள் தார் சுற்றும் என் தாயாரும் ஒருவர். நம் வகுப்புகளில் எத்தனை பேர் தறி வீட்டிலிருந்து வருகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் போதா. நாம் படித்து வெளியேறுகிறோம். தறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. ‘ஏங்கண்ணு, நீ படிக்கற படிப்புல இந்தத் தறிக்கு ஏதாச்சும் வழி இருக்குதா?’ என்று என் தந்தையார் ஒருநாள் கேட்டார். அது என் ஒருத்தியை நோக்கி மட்டும் கேட்ட கேள்வி என்று நான் நினைக்கவில்லை.

மாணவ நண்பர்களே! தறியில் திரும்பப் போய் அமருங்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் அமரப் போவதில்லை. அதைச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. தறிக்கும் திரைக்கும் நடுவே ஓர் இடம் காலியாகக் கிடக்கிறது. அதில் நாம் அமரலாம் என்கிறேன். தமிழ்த் துறை, ஆங்கிலத் துறை மாணவர்கள் சரக்கின் விவரத்தை இரு மொழியிலும் எழுதலாம். இயற்பியல் மாணவர்களுக்கு ஒளியைப் பற்றித் தெரியும், படம் எடுக்கலாம். வணிகவியல் மாணவர்கள் அடக்க விலைக் கணக்கும் வரிக் கணக்கும் போடலாம். கணினி மாணவர்கள் பக்கத்தை அமைக்கலாம். கணித மாணவர்கள் பெட்டியின் அளவையாவது குறைத்துத் தரலாம்!

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாங்கள் செய்து கொடுக்கும் செயல்திட்ட ஏடுகள் மதிப்பெண் பெற்றபின் அலமாரியில் உறங்குகின்றன. 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாகத் திறன் பயிற்சியும் பெறுகிறோம். இவற்றில் ஒன்றையேனும், அருகிலுள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் இருபது சரக்குகளுக்கு நல்ல இணையப் பக்கங்கள் அமைத்துத் தரும் பணியாக ஒதுக்குங்கள். அந்தப் பணிக்கு மதிப்பெண்ணும் போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள்: எத்தனை விற்றது என்று மட்டும் கேட்காமல், நெய்தவர் கைக்கு எவ்வளவு போயிற்று என்று கேளுங்கள்.

பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே பேணிச் செய்வதுதான் வாணிகம் என்று வள்ளுவர் வகுத்தார். அவர் காலத்தில் திரையும் இல்லை, செயலியும் இல்லை. ஆனால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே தொலைவு கூடக் கூட அந்த நெறியின் தேவை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. மான்செஸ்டர் ஆலைகளின் போட்டியில் பிறந்தது பவானி ஜமக்காளம். அது போலிப் படங்களின் போட்டியில் அழிய வேண்டியதில்லை. அதற்கு நம்மால் ஆனது, சரக்கின் பின்பக்கத்தையும் துணிந்து காட்டும் ஓர் அங்காடி. அதை அமைப்போம்!